உழுத கைக்கு எட்டாத மானியம்



உழவுத் தொழில் நலிவுற்ற காலத்தில் சர்க்கார் தன் பொக்கிஷத்திலிருந்து உழவர்களுக்குப் பணம் எடுத்துக் கொடுப்பது நியாயமா, அநியாயமா என்ற விவாதம் உலகத்தில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அந்த விவாதத்தை மறுபடியும் தொடங்குவதற்காக நான் இன்று உங்கள் முன் நிற்கவில்லை. கொடுப்பது நியாயமே என்பது என் கருத்து. மழையும் வெயிலும் உலகச் சந்தையும் எந்த உழவனுடைய ஆணைக்கும் கட்டுப்படாதவையாக இருக்கும்போது, அவற்றால் வரும் நஷ்டம் முழுவதையும் அவன் ஒருவன் தலையில் சுமத்திவிட்டு, அவன் விளைத்ததை மட்டும் நாமெல்லோரும் பகிர்ந்துண்பது எந்தத் தர்மத்துக்கும் பொருந்தாது. என் கேள்வி அதற்கு அடுத்த படியில் நிற்பது. சர்க்கார் கொடுக்கும் பணம் தலைநகரத்தை விட்டுப் புறப்பட்டுக் கிராமத்துக்கு வந்து சேரும்போது, அது யாருடைய பெயருக்கு வருகிறது, அதைப் பங்கிடும் மேஜையைச் சுற்றி யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி.

இதற்குத் தத்துவங்களை மட்டும் அடுக்கி விடை காண முடியாது. ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் எடுத்துக்கொண்டு, அங்கே பணம் எப்படி வந்தது, எப்படிப் பிரிந்தது, பிரிந்தபின் அங்கிருந்த மக்கள் என்ன ஆனார்கள் என்று நிதானமாகப் பார்த்தால்தான் உண்மை துலங்கும். ஆகையால், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், ஆர்க்கன்ஸா ராஜ்யத்தின் வடகிழக்கில் உள்ள பாயின்செட் கவுண்டி என்னும் விவசாயப் பிரதேசத்தின் கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்நாட்டில் ராஜ்யங்கள் கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நீதிமன்றமும், நிலப் பத்திரப் பதிவும், ஷெரிப்பின் காவலும், இன்று நாம் பேசப்போகிற விவசாய மானியத்தின் பட்டுவாடாவும் அந்தக் கவுண்டியின் எல்லைக்குள்ளேயே நடப்பவை. ஆகவே மானியத்தின் குணதோஷங்களை அறிய விரும்புகிறவன் வாஷிங்டன் நகரத்துச் சட்டப் புத்தகத்தைப் படிப்பதோடு நின்றுவிடாமல், கவுண்டி அலுவலகத்தின் வாசற்படியையும் மிதிக்க வேண்டும்.

பாயின்செட் கவுண்டியின் நடுவே வடக்குத் தெற்காகக் கிரவுலி மேடு என்னும் நீண்ட மேட்டு நிலம் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே செயின்ட் பிரான்ஸிஸ் ஆற்றுப் படுகை. 1811, 1812 ஆம் ஆண்டுகளில் அந்தப் பகுதியை உலுக்கிய பெரும் பூகம்பங்களில் நிலம் பல இடங்களில் தாழ்ந்து சதுப்பாகியது. அதன்மேல் வெகுகாலம் காடு மண்டிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் அக்காட்டை வெட்டித் தீர்த்தன; பின்னர் வாய்க்கால்கள் வெட்டி நீரை வடித்தார்கள்; கரிய வண்டல் மண் வெளிப்பட்டது; அம்மண்ணில் பருத்தி விதைத்தார்கள். மார்க்ட் ட்ரீ, டைரன்ஸா, லெபான்டோ முதலிய சிற்றூர்கள் இவ்வாறு பருத்தியை நம்பி எழுந்தவையே. நிலம் சிலரிடம் பெரும் பண்ணைகளாகக் குவிந்திருந்தது. அதை உழுதவர்களோ கறுப்பர்களும் வெள்ளையர்களுமான ஏழைக் குடும்பத்தார், வாரத்துக்கு உழுதவர்கள்.

அந்த வாரமுறை எத்தகையது என்பதைச் சிறிது கவனிக்க வேண்டும். வீடும், கோவேறு கழுதையும், ஏரும், விதையும் பண்ணையாருடையவை. உழைப்பு குடியானவனுடையது, அவன் மனைவியுடையது, எழுந்து நடக்கத் தெரிந்த அவன் குழந்தைகளுடையது. விளைவில் பாதி பண்ணைக்கு, பாதி குடிக்கு. ஆனால் மார்ச்சு மாதத்திலிருந்து அறுவடை வரையில் மாவும் பன்றிக்கொழுப்பும் துணியும் பண்ணைக் கடையிலேதான் கடனாக வாங்க வேண்டும். கடனுக்கு வட்டி உண்டு. அந்தக் கணக்கை எழுதுகிறவர் பண்ணையாரே. இலையுதிர் காலத்தில் கணக்குத் தீர்க்கும் நாள் வரும். குடியானவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடை மேஜையின் எதிரே நிற்பான். புத்தகம் மேஜைக்கு அப்புறம் இருக்கும். அதிலுள்ள தொகையை அவர் வாசிப்பார், இவன் கேட்டுக்கொள்வான். பாக்கி இல்லை என்று வந்தால் அது நல்ல வருஷம்; பாக்கி நிற்கிறது என்று வந்தால் அடுத்த வருஷமும் அங்கேயே உழ வேண்டியதுதான். புத்தகத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு வெள்ளைக்காரக் குடியானவனுக்கே துணிவு வேண்டும். கறுப்பனுக்கோ அது உயிரைப் பணயம் வைக்கும் காரியம்.

இந்த ஏற்பாட்டின்மீதுதான் 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தம் வந்து விழுந்தது. அவ்வாண்டில் ராத்தலுக்குப் பதினாறு சென்டுக்கு மேல் விற்ற பருத்தி 1932-இல் ஆறு சென்டு அளவுக்கு இறங்கிவிட்டது. டாலரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். விலை விழ விழ, குறைந்த வருமானத்தை ஈடுகட்ட ஒவ்வொரு பண்ணையும் மேலும் விளைக்க முயன்றது. மேலும் விளைய மேலும் விலை விழுந்தது. 1933 மார்ச்சில் ஜனாதிபதியாகப் பதவியேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் அவருடைய விவசாய மந்திரி ஹென்றி வாலஸும் இந்தச் சுழலை உடைக்க ஒரு வழி கண்டார்கள். 1933 மே 12-ஆம் தேதி விவசாயச் சீரமைப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. சாகுபடிப் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் விவசாயிக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும். வரத்துக் குறைய விலை ஏறும். 1909 முதல் 1914 வரையிலான ஆண்டுகளில் விளைபொருளுக்கு இருந்த வாங்கும் சக்தி மறுபடியும் வரும். இதற்கு வேண்டிய பணம் பஞ்சாலை முதலிய ஆலைகளின்மீது விதிக்கும் வரியிலிருந்து கிடைக்கும். இதுவே அச்சட்டத்தின் உத்தேசம்.

ஆனால் சட்டம் கையெழுத்தாவதற்குள் அவ்வாண்டின் பருத்தி விதைத்து முளைத்துவிட்டது. ஆகவே அந்தக் கோடையில் முளைத்து வளர்ந்த பயிரையே உழுது புதைக்கும்படி சர்க்கார் கேட்டுக்கொண்டது. அமெரிக்கத் தென்னாடு முழுவதிலும் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் இளம் பருத்தி உழுது புதைக்கப்பட்டது. அதற்காகப் பத்துக் கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. வரிசைகளின் நடுவே நடக்கவும், செடியை மிதிக்காமல் இருக்கவும் பழகிய கோவேறு கழுதைகள் செடியின்மேலேயே நடக்க மறுத்து நின்றன என்று அக்காலத்தவர் சொல்லியிருக்கிறார்கள். கந்தல் உடுத்தியிருந்த மக்கள் தாங்களே விளைத்த பருத்தியைத் தாங்களே புதைத்த காட்சி பலருடைய மனத்தைப் புண்படுத்தியது. ஆயினும் விலை ஏறியது. அதை மறுக்க முடியாது. அடுத்த பருவங்களில் பருத்தி பத்து, பன்னிரண்டு சென்ட் விற்றது. திட்டம் விலையைத் தூக்கும் காரியத்தில் தோற்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான், அது வேறு எதில் தோற்றது என்று நாம் பேச வேண்டும்.

1934, 1935 ஆம் ஆண்டுகளுக்கான பருத்தி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பண்ணையார் 1934-இல் தம் பழைய சாகுபடிப் பரப்பில் நூற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து வரை தரிசு போட வேண்டும். தரிசு போட்ட நிலத்தில் வழக்கமாக விளையக்கூடிய பருத்திக்கு ராத்தலுக்கு மூன்றரை சென்ட் வீதம் வாடகைத் தொகை; அது பண்ணையாருக்கே. பண்ணையின் பழைய விளைச்சலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு ராத்தலுக்கு ஒரு சென்ட் வீதம் விலைச் சமன் தொகை. அதைத்தான் பண்ணையாரும் வாரக்குடியும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மேற்பார்வையின்றித் தாமே நிர்வகிக்கும் குத்தகைதாரர்களுக்கு வாடகைத் தொகையிலும் பாதி உண்டு என்று ஒரு விதி இருந்தது. ஆனால் ஒருவன் அத்தகைய குத்தகைதாரனா, வெறும் வாரக்குடியா என்று கூறுவதும் நடைமுறையில் பண்ணையாரின் வாய்ச்சொல்லாகவே இருந்தது.

இதன் விளைவைத் தெளிவாகக் காண, ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு இருநூறு ராத்தல் விளையும் இருபது ஏக்கரை ஒரு குடும்பம் வாரத்துக்கு உழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு நாற்பது, அதாவது எட்டு ஏக்கர், தரிசாகிறது. எட்டு ஏக்கருக்கு வாடகைத் தொகை 56 டாலர்; அது பண்ணையாருக்கு. விலைச் சமன் தொகை 16 டாலர். அதில் எட்டு டாலர் பண்ணையாருக்கு, எட்டு டாலர் குடிக்கு. ஆக, சர்க்கார் கொடுத்த 72 டாலரில் நிலமுடையவருக்கு 64, உழுதவனுக்கு எட்டு. அந்த எட்டு டாலரும் பண்ணையார் மூலமாகவே வர வேண்டியது. வழியில் கடைப் பாக்கிக்கு வரவு வைக்கப்பட்டால் கேட்பார் இல்லை.

ஆனால் இந்த எட்டு டாலர்கூடக் கிடைக்காமற்போன துயரம் ஒன்று உண்டு. அதுதான் என் மனத்தைப் பெரிதும் வருத்துவது. ஒரு பண்ணையில் ஐந்து குடும்பங்கள் தலைக்கு இருபது ஏக்கர் உழுதுகொண்டிருந்தன என்றால், நூறு ஏக்கர் அறுபதாகக் குறைந்தபின், மூன்று குடும்பங்களே அந்நிலத்துக்குப் போதும். மற்ற இரண்டு குடும்பங்கள் எங்கே போவது? ஐந்து குடும்பங்களையும் வைத்துக்கொண்டு அறுபது ஏக்கரைப் பங்கிட்டுக் கொடுத்தால் பண்ணையாருக்குச் செலவு; இரண்டை அனுப்பிவிட்டால் அவற்றின் பங்கு மிச்சம். இந்த அபாயத்தைச் சட்டம் வகுத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். அதற்காகவே ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில், குடிகளின் வழக்கமான எண்ணிக்கையைக் கூடியவரையில் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும், அவர்களை வாடகையின்றி வீடுகளில் இருக்க விட வேண்டும், விறகு வெட்டிக்கொள்ளவும் காய்கறி பயிரிடவும் இடங்கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் 'கூடியவரையில்' என்ற தளர்ச்சியான வாசகத்தோடு, ஒரு குடியானவன் தொல்லையாகவோ பண்ணையின் நலத்துக்கு ஆபத்தாகவோ நடந்துகொண்டால் அவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கையும் சேர்த்து எழுதினார்கள். தொல்லை எது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? குடிகளின் புகார்கள் எங்கே போயின? வாஷிங்டனுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் விசாரணைக்காகக் கவுண்டிக்கே திருப்பி அனுப்பப்பட்டன. கவுண்டியில் அவற்றை விசாரித்த கமிட்டியில் பெரும்பாலும் நிலச்சுவான்தார்களே இருந்தார்கள். புகார் செய்யப்பட்டவரும் புகாரை விசாரிப்பவரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தபோது, ஏழாவது பிரிவு காகிதத்திலேயே தங்கிவிட்டதில் வியப்பென்ன? உயரத்திலும் இதே நிலைதான்: திட்டத்தை நடத்திய விவசாயச் சீரமைப்பு இலாகாவின் நிதி டைரக்டராக இருந்த ஆஸ்கர் ஜான்ஸ்டன், மிஸ்ஸிஸிப்பியில் மிகப் பெரிய பருத்திப் பண்ணை ஒன்றின் நிர்வாகியாகவும் இருந்தார்.

டைரன்ஸாவுக்கு அருகே பேர்வியூ என்னும் பண்ணையில் பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவ்வூரில் துணி வெளுக்கும் கடை வைத்திருந்த எச். எல். மிட்செல் என்பவரும், அடுத்த கட்டடத்தில் பெட்ரோல் விற்றுவந்த கிளே ஈஸ்ட் என்பவரும் சோஷலிஸக் கொள்கையுடையவர்கள். அவர்களுடைய தூண்டுதலால் 1934 ஜூலை மாதத்து ஓர் இரவில், பேர்வியூ பண்ணையைச் சேர்ந்த ஸன்னிஸைட் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு ஆண்கள் கூடினார்கள். பதினொருவர் வெள்ளையர், எழுவர் கறுப்பர். சங்கம் ஒன்றா, இனத்துக்கு ஒன்றாக இரண்டா என்பதே அவர்கள் முதலில் தீர்க்கவேண்டியிருந்த பிரச்னை. அக்காலத்துத் தென்னாட்டில் ஒரே பெஞ்சியில் இரு இனத்தாரும் அமர்வதே குற்றமாகக் கருதப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தப் பிரச்னையின் கனம் விளங்கும். அவர்களில் வயது முதிர்ந்த கறுப்பர் ஒருவர், 1919-இல் அதே ராஜ்யத்தின் எலைன் என்னும் ஊரில் சங்கம் கண்ட கறுப்புக் குடியானவர்கள் படுகொலை செய்யப்பட்ட நிகழ்ச்சியை நேரில் அறிந்தவர். பிரிந்து நின்றால் மறுபடியும் அதே கதியே நேரும் என்று அவர் எடுத்துரைத்தார். சங்கம் ஒன்றே என்று முடிவாயிற்று. தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கம் இவ்வாறு பிறந்தது. சட்டமன்றங்களும் சர்வகலாசாலைகளும் திருச்சபைகளும் செய்யத் துணியாத ஒன்றை, எழுதப் படிக்க நன்கு அறியாத பதினெட்டுப் பேர் ஓர் இரவிலே செய்து முடித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனித இனத்தின்மீதுள்ள நம்பிக்கை வலுப்பெறுகிறது.

சங்கம் நீதிமன்றத்தை நாடியது. குடிகளைக் குறைக்கமாட்டேன் என்று சர்க்காரோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பண்ணையார் எங்களை எப்படி வெளியேற்றலாம் என்று கேட்டது. ஒப்பந்தம் விவசாய மந்திரிக்கும் பண்ணையாருக்கும் இடையே ஏற்பட்டது, குடியானவன் அதில் கட்சிக்காரன் அல்லன், ஆகவே அதைச் சொல்லி வழக்காடும் உரிமை அவனுக்கு இல்லை என்று ஆர்க்கன்ஸா நீதிமன்றம் தீர்த்தது. சட்ட நுணுக்கத்தின்படி இத்தீர்ப்பில் பிழை காண்பது கடினமாக இருக்கலாம். ஆனால் அது வெளிப்படுத்திய உண்மையை நாம் மறக்கலாகாது. யாருடைய துன்பத்தைக் காட்டிப் பணம் ஒதுக்கப்பட்டதோ, அவன் அந்தப் பணத்தைப் பற்றிய பத்திரத்தில் ஒரு பெயராகக்கூட இடம்பெறவில்லை.

வாஷிங்டனில் இதை உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. விவசாயச் சீரமைப்பு இலாகாவின் சட்டப் பிரிவுத் தலைவர் ஜெரோம் பிராங்கும் அவருடைய சகாக்களும், மேரி கானர் மையர்ஸ் என்ற பெண் வழக்கறிஞரை 1935-இன் தொடக்கத்தில் ஆர்க்கன்ஸாவுக்கு அனுப்பி விசாரிக்கச் செய்தார்கள். அவர் எழுதிய அறிக்கை வெளியிடப்படவில்லை. எண்ணிக்கையை மட்டுமல்லாமல், ஏற்கனவே இருந்த அதே குடிகளையே வைத்திருக்க வேண்டும் என்று ஏழாவது பிரிவுக்குச் சட்டப் பிரிவார் பொருள் கூறினார்கள். தென்னாட்டு செனட்டர்களுடைய ஆதரவு போய்விட்டால் திட்டமே கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிய இலாகாத் தலைவர் செஸ்டர் டேவிஸ், மந்திரி வாலஸின் சம்மதத்தோடு, 1935 பிப்ரவரி 5-ஆம் தேதி பிராங்கையும் மற்றும் சிலரையும் பதவியிலிருந்து நீக்கினார். செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக அப்போது இருந்தவர் ஆர்க்கன்ஸாவின் ஜோசப் ராபின்ஸனே. பெரியதொரு நன்மையைக் காப்பாற்றுவதற்காக எளியவர்களின் நியாயத்தைச் சற்றே ஒத்திவைக்கலாம் என்று எண்ணிய நல்லவர்கள் சரித்திரத்தில் பலர். ஆனால் ஒத்திவைத்த நியாயம் வட்டியோடு திரும்பி வருவதில்லை. அதற்குரியவன் அதற்குள் ஊரைவிட்டே போய்விடுகிறான்.

கவுண்டியில் அந்த வசந்த காலம் பயங்கரமாக இருந்தது. சங்கக் கூட்டங்கள் கலைக்கப்பட்டன. பிரசாரகர்கள் அடிபட்டார்கள், சிறைப்பட்டார்கள். பக்கத்துக் கவுண்டியிலுள்ள பேர்ட்ஸாங் என்னும் ஊரில் பேச வந்த சோஷலிஸ்டுத் தலைவர் நார்மன் தாமஸ் மேடையிலிருந்து இழுத்து இறக்கப்பட்டார். இவ்வளவுக்கும் சங்கத்தார் தளரவில்லை. அவ்வாண்டு அறுவடையில், நூறு ராத்தல் பறிக்க நாற்பது சென்ட் கூலி என்று பண்ணையார்கள் சொன்னபோது ஒரு டாலர் கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். பல பண்ணைகளில் கூலி உயர்ந்தது.

1936 ஜனவரி 6-ஆம் தேதி, ஆலை வரி செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய திட்டம் வீழ்ந்தது. அதற்குப் பதிலாக மண்வளப் பாதுகாப்பின் பெயரால் புதிய சட்டமும், 1938-இல் விரிவான மற்றொரு சட்டமும் வந்தன. சங்கம் எழுப்பிய குரல் இவற்றில் ஓரளவு கேட்கிறது. விளைவில் எந்த விகிதமோ அந்த விகிதத்திலேயே மானியத்தையும் பங்கிட வேண்டும், குடிகளைக் குறைத்துப் பண்ணையார் தம் பங்கைப் பெருக்கிக்கொள்ளக் கூடாது என்று 1938-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியது. நியாயம் கடைசியில் வென்றது என்று இங்கே கதையை முடிக்கலாம். ஆனால் நடந்தது வேறு. வாரக்குடிக்கு மானியத்தில் பங்கு உண்டு, தினக்கூலிக்கு இல்லை என்று ஆனவுடன், வாரக்குடியைத் தினக்கூலியாக்கிவிடுவது பண்ணைக்கு லாபமாயிற்று. கையில் வந்த மானியம் டிராக்டர் வாங்கவும் உதவியது. டிராக்டர் வந்தபின் கூலியாட்களும் குறைந்தார்கள். 1930-இல் தென்னாட்டில் 7,76,000 வாரக்குடிகள் இருந்தார்கள்; 1940-இல் 5,41,000 பேரே இருந்தார்கள். இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. அது எப்படியும் வந்திருக்கும். ஆனால் நாட்டு மக்களின் வரிப்பணம் அந்த மாறுதலை விரைவுபடுத்தியபோது, அதனால் இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு வழிச்செலவுகூட ஒதுக்கப்படவில்லை என்பதைக் கண்டிக்காமல் இருக்க முடியாது.

அது பழங்கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று சிலர் கூறலாம். மாறியவை உண்டு. பாயின்செட் கவுண்டியில் இன்று நெல்லும் சோயாவும் பருத்தியோடு விளைகின்றன. பெரிய இயந்திரங்களைக் கொண்டு சில குடும்பங்களே பரந்த வயல்களைச் சாகுபடி செய்கின்றன. 1935-இல் அந்நாடு முழுவதும் 68 லட்சம் பண்ணைகள். இன்று ஏறக்குறைய 19 லட்சம். கவுண்டி கமிட்டி இன்றும் இருக்கிறது. மூன்று முதல் பதினொரு உறுப்பினர் வரை கொண்ட அதற்கு, அந்தந்த வட்டார விவசாயிகள் தபால் மூலம் வாக்களித்து மூன்றாண்டுக்கு ஒருமுறை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்ளூர் விஷயத்தை உள்ளூரார் தீர்ப்பது உயர்ந்த கொள்கைதான். ஆயினும் உள்ளூரில் வலுத்தவன் யார், இளைத்தவன் யார் என்பதை அக்கொள்கை கண்டுகொள்வதில்லை. விவசாய இலாகாவின் கவுண்டி அலுவலகங்களில் தங்களுடைய கடன் மனுக்கள் தாமதிக்கப்பட்டன, மறுக்கப்பட்டன என்று கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999-இல் சமரச உடன்பாட்டில் முடிந்து, ஏறத்தாழ நூறு கோடி டாலர் நஷ்டஈடு வழங்க நேர்ந்தது. 2010-இல் மேலும் 125 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. பணம் கிடைத்தது, ஆனால் கடன் கிடைக்காததால் ஏலத்தில் போன நிலம் அநேகருக்குத் திரும்பி வரவில்லை.

மானியம் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பும் மாறவில்லை. 1996 முதல் வேறு பெயரிலும், 2002 முதல் 2013 வரையில் நேரடித் தொகை என்ற பெயரிலும், ஒரு நிலத்தின் பழைய சாகுபடிப் பரப்பைக் கணக்கிட்டு, அந்தப் பயிரை இப்போது விளைத்தாலும் விளைக்காவிட்டாலும், விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆண்டுதோறும் பணம் வழங்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி நெல்லுக்கு நூறு ராத்தலுக்கு 2 டாலர் 35 சென்ட். டெக்ஸாஸில் பழைய நெல் வயல்களின்மேல் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கும் அந்தத் தொகை போய்க்கொண்டிருந்ததை 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை எடுத்துக்காட்டியது. நிலத்தைப் பணக் குத்தகைக்கு எடுத்து உழுபவனுக்கே மானியம் உரியது என்று விதி இருக்கிறது. ஆனால் மானியம் வருகிறது என்று தெரிந்த உடையவர் அடுத்த குத்தகையை அதற்கேற்ப உயர்த்துகிறார். காசோலை உழுபவன் பெயரில் வந்தாலும், அதில் ஒரு பங்கு குத்தகையாக உடையவர் கைக்கே போய்ச் சேருகிறது. 1934-இல் ஒப்பந்தத்தின் வாசகம் செய்ததை இன்று சந்தை செய்கிறது.

2014-இல் நேரடித் தொகை ஒழிக்கப்பட்டு, விலையோ வருமானமோ ஓர் அளவுக்குக் கீழே போனால் மட்டும் வழங்கும் முறைகள் வந்தன. இவற்றில் ஒன்று கவுண்டி முழுவதன் சராசரி வருமானத்தைக் கொண்டு நஷ்டத்தைக் கணக்கிடுவது. தன் வயலில் விளைச்சல் பாழாகியும், கவுண்டியின் சராசரி தாழாததால் ஒன்றும் பெறாதவன் உண்டு. சீனத்தோடு ஏற்பட்ட வர்த்தகப் பூசலுக்கு ஈடாக 2019-இல் வழங்கிய உதவியிலும் கவுண்டிக்குக் கவுண்டி வீதம் வேறு. ஏக்கருக்குப் பதினைந்து டாலர் பெற்ற கவுண்டி உண்டு, நூற்றைம்பது பெற்ற கவுண்டியும் உண்டு. ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று உச்ச வரம்பு இருந்தாலும், கூட்டுப் பண்ணையில் பங்காளிக்கு ஒரு வரம்பு என்பதால் பெயர்கள் பெருகப் பெருக வரம்பும் பெருகுகிறது.

இவ்வளவையும் கேட்டபின், ஆகையால் மானியமே வேண்டாம் என்று முடிவு கட்டுபவர்களோடு நான் உடன்படமாட்டேன். பாயின்செட் கவுண்டியின் வாரக்குடிகள் மானியத்தை நிறுத்தச் சொல்லிச் சங்கம் காணவில்லை. அதில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்றே கண்டார்கள். அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்ட பாடங்களைச் சொல்லி முடிக்கிறேன். உழுகிறவன் ஒப்பந்தத்தில் கட்சிக்காரனாக இருக்க வேண்டும். அவன் சார்பில் இன்னொருவர் பெற்றுக்கொண்டு அவனுக்குக் கொடுப்பார் என்ற ஏற்பாடு எந்த நாட்டிலும் நிலைக்காது. அவன் புகார் செய்தால், அந்தப் பணத்தில் ஆதாயம் இல்லாத ஒருவர் அதைக் கேட்க வேண்டும். வாரக்குடிக்கு உரிமை கொடுக்கும் சட்டம், அவனைக் கூலியாக்கி அந்த உரிமையைப் பறிக்கும் வழியையும் அதே கையெழுத்தில் அடைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்ற கணக்குப் பகிரங்கமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்னும் பொது அமைப்பு 2001-இல் அந்தக் கணக்கைக் கவுண்டி வாரியாக அனைவரும் காணும்படி வெளியிட்ட பிறகுதான், பெரும் பங்கு யாரிடம் போகிறது என்பது சாதாரண ஜனங்களுக்குத் தெரிந்தது.

மிட்செலும் ஈஸ்டும் தொழில் நடத்திய அந்தக் கட்டடங்களில் 2006 முதல் ஆர்க்கன்ஸா ராஜ்யப் பல்கலைக்கழகம் ஒரு காட்சிசாலை நடத்தி வருகிறது. அங்கே போய் அந்தப் பதினெட்டுப் பேரைப் போற்றுவது நல்லதே. ஆனால் அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை வேறு. இனி எந்தச் சர்க்கார் உழவனுக்கு உதவி என்று அறிவித்தாலும், தொகை எத்தனை கோடி என்று கேட்டுத் திருப்தியடைந்துவிடாமல், காசோலை யார் பெயரில், கமிட்டியில் யார், கணக்கு எங்கே என்று இந்த மூன்றையும் விடாமல் கேட்பதுதான் அந்த மரியாதை. இவற்றுக்குச் சரியான விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது குடிமக்களாகிய நம் ஒவ்வொருவருடைய கடமை.